எழுந்து நின்றதும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

மேடை நடுக்கம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். பேச்சு, பாட்டு, நடனம், நீதிமன்றம் என்று பல திசைகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரு பேச்சுப் பயிற்சியாளர், ஒரு கர்னாடக இசை ஆசிரியர், ஒரு மனநல மருத்துவர் மூவரும் அவற்றைப் பிரித்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார்கள்.

டெக்ஸ்டைல் மில் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருக்கிறேன். வயது 41. மாதா மாதம் ரிவ்யூ மீட்டிங்கில் இருபது பேர் முன்னால் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். மூன்று நாள் முன்பே தூக்கம் போய்விடுகிறது. எழுந்து நின்றதும் கை ஐஸ் மாதிரி ஆகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பயமே வராமல் இருக்க வழி உண்டா?
– வாசகர், கோவை

பயமே வராமல் இருக்க வழி இல்லை. முப்பது வருடமாக மேடை ஏறுகிறவர்களுக்கும் வருகிறது. அது எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஆபத்து என்று நினைத்ததும் அட்ரினலினை ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது. கை சில்லிடுவது அதனால். ஓடவோ சண்டை போடவோ தயாராகும் உடம்புக்குச் சாப்பாடு முக்கியமில்லை என்பதால் உமிழ்நீர் குறைகிறது, நாக்கு ஒட்டுகிறது. வயிறு பிசைவதும் அதே கணக்கு.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். மறுபடி மறுபடி நாம் பயந்துகொள்வதால்தான் அது ஊறிக்கொண்டே இருக்கிறது. பேச்சாளர்களின் நாடித்துடிப்பை அளந்து பார்த்தால் உச்சம் பேச்சைத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்தையொட்டி இருக்கும். பிறகு இறங்கும். ஆகவே பதினைந்து நிமிடத்துக்கும் பயப்பட வேண்டாம், முதல் இரண்டு நிமிடத்தைச் சுலபமாக்கிக்கொண்டால் போதும்.

முதல் நான்கு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். மற்றதைக் குறிப்பு பார்த்துப் பேசலாம். முதல் ஸ்லைடில் எண்களே வேண்டாம், பதற்றத்தில் 4.7 சதவீதம் 7.4 ஆகிவிடும், அதைத் திருத்தப் போய் அடுத்த வரி தடுமாறும். பத்து நிமிடம் முன்னால் அறைக்குப் போய் புரொஜெக்டரை நீங்களே போடுங்கள், நிற்கப் போகும் இடத்தில் நின்று பாருங்கள், வருகிறவர்கள் இரண்டு பேரிடம் எதையாவது பேசுங்கள். அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை மீட்டிங்கின் முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது.

மூச்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முடியாது. ‘நல்லா ஆழமா மூச்சு விடுங்க’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டு வேக வேகமாகப் பெருமூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்நுனி மரத்துப்போகும், பயம் இரட்டிப்பாகும். வேலை செய்வது வெளிமூச்சு. மூக்கால் சாதாரணமாக இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாயைக் குவித்து ஆறு முதல் எட்டு விநாடி மெதுவாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயம் இயல்பாகவே வேகம் குறையும். ஐந்து முறை செய்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

‘பதற்றப்படாதே, அமைதியா இரு’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதையும் விட்டுப் பாருங்கள். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சே நன்றாக இருந்ததாக மதிப்பிடப்பட்டது. காரணம் எளிது. படபடவென்று அடிக்கிற நெஞ்சை அமைதியென்று நம்பவைப்பது கஷ்டம், உற்சாகமென்று நம்பவைக்கலாம்.

மூன்று நாள் தூக்கக் கேட்டுக்கு ஒரு சந்தேகம்: கடைசி ராத்திரி வரை ஸ்லைடுகளை மாற்றிக்கொண்டிருக்கிறீர்களா? மீட்டிங்குக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே கோப்பைப் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது மட்டும். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை ஒத்திகை என்று நினைத்துக்கொள்கிறோம். மனதுக்குள் ஓடுவது பெரும்பாலும் மானம் போகிற காட்சிதான்.

எனது மகன் தரம் 9இல் படிக்கிறான். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் கோட்ட மட்டத்தில் முதலாமிடம் வந்தவன், வலய மட்டத்தில் மூன்றாவது நிமிடத்தில் அப்படியே நின்றுபோனான். முழுப் பேச்சையும் பாடமாக்கித்தான் போனவன். இப்ப மேடை என்றாலே வேண்டாம் என்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், யாழ்ப்பாணம்

அம்மா, அவன் நின்றுபோனதற்குக் காரணம் அவன் பாடமாக்கிய விதம். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் பாடமாக்கினால் ஒவ்வொரு வரியும் அடுத்த வரியை இழுத்து வருகிற சங்கிலியாகிவிடும். வீட்டில் நன்றாக ஓடும். மேடையில் யாரோ இருமினால், ஒரு சொல் மாறி விழுந்தால், ஒரு கண்ணி அறும். அறுந்த இடத்திலிருந்து தொடர வழி தெரியாது. முதல் வரிக்குத்தான் திரும்ப ஓட வேண்டும்.

ஆகவே பேச்சை வெட்டுங்கள். ஐந்து நிமிடப் பேச்சென்றால் ஆறு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு சொல்லில் பெயர், அவனே வைக்க வேண்டும். ஆறு சொற்களையும் உள்ளங்கை அளவு அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். இனி முதலிலிருந்து சொல்லிப் பழகவே விடாதீர்கள். ஒரு தாயக்கட்டையை, அதாவது லூடோக் கட்டையை, உருட்டச் சொல்லுங்கள். நான்கு விழுந்தால் நான்காம் துண்டிலிருந்து தொடங்கி முடிவு வரை. அடுத்து இரண்டு விழுந்தால் இரண்டிலிருந்து. ஒரு வாரம் இப்படி உருட்டினால் பேச்சுக்கு ஆறு வாசல் கிடைத்துவிடும், எந்த வாசலாலும் உள்ளே வரலாம். ஆறாம் துண்டை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பழக வேண்டும். எங்கே தடுமாறினாலும் ஓடிப்போய் நிற்கிற இடம் அது.

தடுமாறினால் என்ன செய்வதென்றும் பழக்க வேண்டும். வாய் மூடி மூன்று விநாடி நிற்பது. அவனுக்கு அது மூன்று நிமிடம் போலத் தெரியும், சபைக்கு அழுத்தம் கொடுப்பதற்காக நிறுத்தியது போலத்தான் இருக்கும். பிறகு கடைசியாகச் சொன்ன வரியை இன்னொரு முறை, சற்று மெதுவாகச் சொல்லலாம். பாதி நேரம் அதுவே அடுத்த வரியைக் கொண்டுவந்துவிடும். வராவிட்டால் அடுத்த துண்டுக்குத் தாவிவிட வேண்டும். நடுவர்களிடம் அவனுடைய பிரதி இல்லை; எதை விட்டான் என்று அவர்களுக்குத் தெரியாது. ‘மன்னிக்கவும், மறந்துவிட்டது’ என்று சொன்னால்தான் தெரியும். வீட்டில் வேண்டுமென்றே நடுவில் தட்டத்தைக் கீழே போட்டு, அவன் மீண்டு வருகிறானா என்று பாருங்கள். இந்த மீளும் பயிற்சி இல்லாமல் எத்தனை தரம் முழுசாகச் சொன்னாலும் பயனில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆசிரியர் எழுதிக்கொடுத்த பேச்சில் அவன் வாயில் புழங்காத சொற்கள் இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு தரம் தடக்கினால் அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள், ஆசிரியர் கோபித்தாலும் பரவாயில்லை. நேரம் ஐந்து நிமிடமென்றால் வீட்டில் நாலரை நிமிடத்தில் முடிய வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தன் முகத்தையே பார்த்துப் பழகியவன் மேடையில் இருநூறு அந்நிய முகங்களைப் பார்த்ததும் திகைப்பான். விறாந்தையில், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு, அயல்வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் முன்னால் நிற்கட்டும்.

மேடைக்கு வேண்டாம் என்பவனை நேரே அடுத்த போட்டிக்குத் தள்ள வேண்டாம். காலைப் பிரார்த்தனையில் ஒரு நற்சிந்தனை வாசிப்பது போன்ற ஒரு நிமிட வேலை ஒன்றை முதலில் முடிக்கட்டும். போட்டிக்கு நீங்கள் போனால் முன் வரிசையில் உட்கார்ந்து அவனோடு வாயசைக்காதீர்கள். உங்கள் உதடு எங்கே நிற்கிறதோ அங்கே அவனும் நிற்பான்.

பேசும்போது கையிலிருக்கும் பேப்பர் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் இன்னும் நடுங்குகிறது.
– கல்லூரி மாணவி, திருச்சி

ஏ4 தாளை ஒரு கையால் பிடித்தால் விரல்நுனியின் மிகச் சின்ன ஆட்டமும் தாளின் மறுமுனையில் விசிறி போலத் தெரியும். தாளை விட்டுவிட்டுத் தபால் அட்டை கனத்தில், அந்த அளவில் அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம், மூலையில் எண் போடுங்கள். கீழே விழுந்தால் அடுக்க வேண்டுமே. மைக்கைக் கையில் பிடிக்கிறீர்கள் என்றால் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடும். முழங்கால் மூட்டைப் பின்னால் இறுக்கி நிற்காதீர்கள். இறுக்கினால் கால் நடுக்கம் அதிகமாகும்.

மைக் உதட்டிலிருந்து நான்கு விரல்கடை, மோவாய்க்கு நேரே. வாய்க்கு நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். வலைத் தலையைக் கையால் மூடிப் பிடித்தாலும், ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே மைக்கை நீட்டினாலும் கூவும். கூவினால் பயந்து பின்வாங்காமல் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஓர் அடி நகருங்கள். மேடையேறி மைக்கைத் தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம். அதைச் செய்ய மைக் செட்காரர் இருக்கிறார்.

‘எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது’ என்கிறீர்களே, அது நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2003இல் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களைப் பேசவைத்துச் சோதித்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு தெரிந்தது என்று போட்ட மதிப்பெண், கேட்டவர்கள் போட்டதைவிட அதிகமாக இருந்தது. பதற்றம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை என்ற இந்தச் செய்தியை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள் நன்றாகவும் பேசினார்கள். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டோம்.

இந்த மார்கழியில் சென்னை சபா ஒன்றில் மதியக் கச்சேரி கிடைத்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம். இதற்கு முன் கோயில் கச்சேரிகள்தான். பதற்றம் வந்தால் எனக்கு வேகம் ஏறிவிடுகிறது, இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) மூச்சு போதுவதில்லை, சுருதியும் விலகுகிறது. தயிரை நிறுத்தச் சொல்கிறார்கள். உண்மையா?
– வாய்ப்பாட்டுக் கலைஞர் (பெண், 23), கும்பகோணம்

தயிரிலிருந்தே தொடங்கலாம். உங்களுக்குத் தயிர் குரலைக் கட்டும் என்று அனுபவத்தில் தெரிந்தால் விடுங்கள். இல்லையென்றால் கச்சேரி வாரத்தில் சாப்பாட்டில் எதையும் புதிதாக மாற்றாதீர்கள், புதிதாக எந்தக் கஷாயமும் வேண்டாம். பாடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி மாதிரி லேசாக ஏதாவது. வெறும் வயிறு நடுக்கத்தைக் கூட்டும். மேடையில் குளிர்சாதனம் தொண்டையை உலர்த்தும் என்பதால் ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர்.

வேகம் ஏறுவதுதான் உங்கள் மூன்று கஷ்டங்களுக்கும் வேர். பதற்றத்தில் உள்ளுக்குள் ஓடும் கடிகாரமே வேகமாகிவிடுவதால், நீங்கள் எடுக்கும் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) உங்களுக்குச் சரியாகத்தான் தோன்றும். ‘நிதானமா எடு’ என்று யார் சொன்னாலும் பிரயோஜனமில்லை. எது நிதானம் என்று காட்டும் அளவுகோலே கெட்டுப்போயிருக்கிறது. அதனால் வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். கச்சேரியில் முதலில் பாடும் வர்ணத்தைத் தொடங்கும் முன் பல்லவியை மனதில் ஓட்டாதீர்கள். வர்ணத்தின் முற்பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரத்தை இரண்டாம் காலத்தில், எந்த இடம் உங்களுக்கு மூச்சு முட்டுமோ அந்த ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை), மனதுக்குள் வசதியான வேகத்தில் ஒரு முறை பாடுங்கள். அதைப் பாதியாக்கித் தாளம் போடத் தொடங்குங்கள். கடினமான இடத்துக்குப் பொருந்திய வேகம் மற்ற இடங்களுக்குத் தானாகப் பொருந்தும். வீட்டில் மெட்ரோனோம் ஆப்பில் இந்த வேகத்தின் எண்ணைக் குறித்துவைத்து, மேடைக்குப் பின்னால் காதில் பத்து விநாடி கேட்டுக்கொள்ளலாம். மிருதங்கக்காரரிடமும் முன்பே தாளம் போட்டுக் காட்டி ‘அண்ணா, நான் ஓடினால் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. அவர்கள் எத்தனையோ முதல் கச்சேரிகளைப் பிடித்து நிறுத்தியவர்கள்.

மூச்சு போதாததற்கு நீங்கள் அதிகம் இழுப்பதே காரணமாக இருக்கலாம். பயத்தில் தோள் உயரும், மேல்நெஞ்சு நிறையும், பழைய காற்று வெளியேறாமலே அதன் மேல் புதுக்காற்று ஏறும். முதல் வரிக்கு முன் இருக்கிற காற்றை முழுக்க விட்டுவிடுங்கள், அடுத்தது அடிவயிற்றுக்குத் தானாக இறங்கும். கழுத்துத் தசைகள் இறுகிக் குரல்வளையை மேலே தூக்குவதும் சேர்ந்துகொண்டால் தாரஸ்தாயியில், அதாவது மேல் ஸ்தாயியில், சுருதி விலகும். இதற்கு மேடைக்குப் பின்னால் செய்ய வேண்டியது பெரிய சங்கதிகளைப் பாடிப் பார்ப்பதல்ல. தம்பூராவோடு பத்து நிமிடம் உட்கார்ந்து மந்த்ர பஞ்சமம், ஸட்ஜம் என்று கீழ் ஸ்தாயியிலேயே நீள நீளமாக, பாதி குரலில் பிடியுங்கள். உதடு படபடக்க ‘ப்ர்ர்’ என்று ஏறி இறங்குவதும் நல்லது. இறுகிய குரல்வளையால் அதைச் செய்யவே முடியாது, ஆகவே அது பரிசோதனையாகவும் ஆகிறது.

மானிட்டரில் என்ன வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தம்பூராவும் உங்கள் குரலும் தெளிவாகக் கேட்க வேண்டும், அடுத்து வயலின். மிருதங்கம் பக்கத்திலேயே இருக்கிறது, மானிட்டரில் வேண்டாம். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகி கத்தத் தொடங்குவாள். பதினைந்து நிமிடத்தில் தொண்டை போய்விடும், அதைப் பதற்றமென்று நினைத்துக்கொள்வாள்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த கச்சேரி முறையில் வர்ணம் முதலில் நிற்பதில் ஒரு நடைமுறை ஞானம் இருக்கிறது. கற்பனைக்கு அங்கே இடமில்லை, எல்லாம் எழுதிவைத்தது. பாடுகிறவர் பதற்றம் இறங்கும் வரை பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அந்தக் கம்பியை நீங்களே வழுக்கலாக்கிக்கொள்ளாதீர்கள். முதல் சபாக் கச்சேரிக்கு அட தாள வர்ணம் வேண்டாம். நூறு தரம் பாடிய ஆதி தாள வர்ணம். இரண்டாவது சின்னக் கிருதி, நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) இல்லாமல். கடந்த மூன்று மாதத்தில் பாடம் பண்ணிய எதுவும் பட்டியலில் வரக் கூடாது. சாகித்தியம் மறந்தால் நின்றுவிடாமல் பாடிய சங்கதியையே இன்னொரு முறை பாடுங்கள், வயலின் உங்களைத் தாங்கும். சரணங்களின் முதல் சொற்களை மட்டும் எழுதிய ஒரு சீட்டு மடியருகே இருக்கட்டும். முழுப் பாட்டையும் டேப்லெட்டில் வைத்துக்கொண்டால் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும், பாட்டு வாசிப்பாகிவிடும்.

மதியக் கச்சேரிக்குக் கூட்டம் குறைவாக இருக்கும். பயம் குறையும் என்று நினைப்பீர்கள், கூடத்தான் செய்யும். நாற்பது பேரென்றால் நாற்பது முகமும் தெரியும். கேன்டீனுக்குப் போக எழுந்திருப்பவரும் தெரிவார். அவர் உங்கள் கல்யாணி ராகத்தைக் கேட்டு எழுந்திருக்கவில்லை, சாம்பார் வடையை நினைத்து எழுந்தார். முன்வரிசையில் பெரிய வித்வான் யாராவது வந்து உட்கார்ந்தால் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அதற்கப்புறம் மூன்றாம் வரிசைக்கு மேலே ஒரு தூணைப் பாருங்கள்.

மகளுக்கு அரங்கேற்றம். வயது 14. நடுவில் அடவு மறந்துவிடுமோ என்றே அழுகிறாள்.
– வாசகி, சேலம்

அரை மணி நேரத்துக்கு மேல் போகும் வர்ணத்தில் ஒரு கோர்வையாவது (அடவுத் தொடராவது) எங்கேயோ சறுக்கும். பார்க்கிறவர்களுக்கு அது தெரிவது காலும் முகமும் நின்றால்தான். மறந்தால் அரைமண்டியில் தட்டடவை மட்டும் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும், அடுத்த கோர்வையின் சொல்லை நட்டுவாங்கம் செய்பவர் (தாளம் தட்டிச் சொல் சொல்லி நடத்துபவர்) எடுத்துக்கொடுக்கும் வரை. இதை ஆசிரியரோடு முன்பே பேசி, இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே மறந்து பழகட்டும்.

இன்னொன்று முக்கியம்: முழு அலங்காரத்தோடு, சலங்கை கட்டி, நகையும் ஜடையும் வைத்து, அரங்கேற்றம் நடக்கும் அதே நேரத்தில், குறைந்தது இரண்டு முழு ஒத்திகை. தலையில் ஏறும் அந்தக் கனமும் ஒட்டியாணத்தின் இறுக்கமும் அன்றைக்குத்தான் முதல் முறை என்றால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்குவதைக் குழந்தை பயமென்று எடுத்துக்கொள்ளும். மேக்கப் அறைக்குள் உறவினர்களை விடாதீர்கள்.

மேடைக்கு முன்னால் ஒரு மாத்திரை போட்டால் கை நடுக்கம் நின்றுவிடும் என்று நண்பர் கொடுத்தார். ப்ரொப்ரனலால் என்று எழுதியிருக்கிறது. போடலாமா?
– கீபோர்டு கலைஞர், மதுரை

நண்பர் கொடுத்ததைப் போட வேண்டாம். மாத்திரையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960களில் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய மருந்து இது. அவருக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு. அட்ரினலின் போய் உட்காரும் பீட்டா ஏற்பிகளை இது அடைத்துக்கொள்வதால் படபடப்பும் விரல் நடுக்கமும் குறையும். இதே வகையைச் சேர்ந்த ஆக்ஸ்ப்ரெனலாலைக் கம்பி வாத்தியக் கலைஞர்களுக்குக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வாசிப்பு மேம்பட்டதாகவே முடிவு. அப்போதிலிருந்து மேலைநாட்டு இசைக்குழுக்களில் இது பழக்கம். துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் கிம் ஜாங் சு இதனால்தான் வெள்ளி, வெண்கலம் இரண்டையும் இழந்தார். கை ஆடாமல் வைக்கும் திறன் இதற்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக இருப்பவர் மயங்கி விழலாம். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும், இறங்குவதே தெரியாது. வேறு மாத்திரைகளோடு சேர்ந்து என்ன செய்யும் என்பது தனிக் கணக்கு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தாக இது இருப்பது அதனால்தான். மருத்துவர் நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, சின்ன அளவில் எழுதிக்கொடுத்தால், கச்சேரி இல்லாத ஒரு நாளில் முதல் முறை போட்டுப் பாருங்கள். மந்தமாக்கினால் மேடையில் தெரிந்துகொள்வது தாமதம்.

இது உடம்பின் ஆட்டத்தை நிறுத்துமே தவிர, ‘தப்பாகிவிடுமோ’ என்ற ஓட்டத்தை நேரடியாகத் தொடாது. பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்ப்ரசோலம் வகை மாத்திரைகள் வேறு. அவை தூக்கமும் மறதியும் தரும், பழக்கமாகும். மேடைக்கு அவை ஆகவே ஆகாது. ‘ஒரு பெக்’ விஷயமும் அப்படித்தான். வாசிப்பு நன்றாக இருந்ததென்று வாசித்தவருக்கு மட்டும் தோன்றும்.

ஜூனியர் வழக்கறிஞர். சீனியர் ‘அடுத்த வாரம் நீயே குறுக்கு விசாரணை செய்’ என்கிறார். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு இது வியாதியா?
– வாசகர், திருநெல்வேலி

காந்தி பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முப்பது ரூபாய் கட்டணத்துக்கு எடுத்த முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, கேள்வியே வராமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறொருவரிடம் கொடுக்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார். அவரே எழுதிவைத்திருக்கிறார். பெரியவர்களுக்கும் வரும் என்று ஆறுதல் சொல்ல இதை எடுக்கவில்லை. கவனியுங்கள், நீதிமன்றத்தில் வாயே திறக்காதவர் முதல் படியிலேயே குறுக்கு விசாரணைக்கு நின்றார். படிகள் இல்லை.

உங்கள் சீனியரிடம் படி கேளுங்கள். ஒரு வாரம் வாய்தா வாங்குவது மட்டும், தினம் இரண்டு. அடுத்து எதிர்ப்பில்லாத மனு ஒன்றில் இரண்டு நிமிடம். பிறகு முறையான சாட்சியை (ஆவணத்தை உறுதிசெய்ய மட்டும் வருபவரை) முதல் விசாரணை செய்வது. அப்புறம் சின்ன சாட்சி ஒருவரின் குறுக்கு விசாரணை. ஒவ்வொரு படியிலும் பதற்றம் பாதியாகும் வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே அடுத்தது. தப்பித்து வெளியே வந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதிதான், அடுத்த முறை பயம் ஒரு படி மேலேயிருந்து தொடங்கும். குறுக்கு விசாரணைக்குக் கேள்விகளை முழு வாக்கியமாக எழுதுங்கள், ஒரு கேள்விக்கு ஒரே உண்மை, ‘ஆமாம்’ ‘இல்லை’க்கு மேல் பதில் வராதபடி. எழுதிய கேள்வியை வாசிக்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை.

வியாதியா என்றால்: மேடையில் பதற்றம் வருவது மட்டுமே வியாதியாகிவிடாது. ஆறு மாதத்துக்கு மேலாக, நாலு பேர் எதிரே சாப்பிடுவது, போன் பேசுவது, கையெழுத்துப் போடுவது என்று எல்லாவற்றுக்கும் பயந்து ஒதுங்கி, அதனால் வேலையோ படிப்போ கெடுகிறது என்றால் அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) அதற்கு நன்றாக வேலை செய்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416இல் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர். குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் நன்றியுரை என் தலையில் விழுந்திருக்கிறது. யார் பெயரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு.
– வாசகர், தாம்பரம்

பெயர்களைப் பெரிய எழுத்தில், இனிஷியலோடும் பதவியோடும், ஒரு பக்கத்துக்கு எட்டு மட்டும் எழுதுங்கள். உச்சரிக்கச் சந்தேகமான பெயரை விழாவுக்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களை எழுந்திருக்கும் முன் ஒரு முறை எண்ணிப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள், கடைசி நேரத்தில் வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தவர்தான் எப்போதும் விடுபடுவார். பந்தல், சமையல், மைக் செட் மூன்றும் பட்டியலில் இருக்கட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாடு தயார் என்ற அறிவிப்பையும் உங்களிடம்தான் கொடுப்பார்கள். அதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் பெயர்களைக் கேட்க எதிரே ஆள் இருக்காது.